ராஜா நிற்கும் பக்கம் பாய்!

முதல் சுற்றில் தோற்றுவிட்டாய். இரண்டாம் சுற்றில் யாருக்கு யார் என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். உன் பெயருக்கு எதிரே இருக்கும் பெயரைப் படித்ததும் வாய் உலர்ந்துபோகிறது. உன்னைவிடப் பத்து வயது மூத்தவர். கலந்துகொண்ட பெரிய போட்டிகளை வரிசையாக வென்றவர். 'டிரா கிடைத்தாலே பெரிய விஷயம்' என்று உள்ளே ஒரு குரல் கெஞ்சத் தொடங்குகிறது.

அந்தக் குரலின் கழுத்தை இப்போதே பிடி! நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே பாதிப் புள்ளியை எதிராளிக்கு எழுதிக்கொடுக்கிற குரல் அது. அதை நம்பி எழுந்துபோனவர்கள் எத்தனையோ பேர். நம்பாமல் உட்கார்ந்த ஒருவனின் ஆட்டத்தை இங்கே காட்டுகிறேன். மொத்தம் 52 நகர்வுகள். ஒவ்வொன்றையும் பலகையில் வைத்துப் பார். உன் முதுகெலும்பு நிமிரும்.

1895 ஆகஸ்ட். இங்கிலாந்தின் தென்கரையில் ஹேஸ்டிங்ஸ். அதுவரை உலகம் கண்டதிலேயே வலிமையான சதுரங்கப் போட்டி அங்கே நடந்தது. 22 பேர். உலக சாம்பியன் லாஸ்கர் இருந்தார். முந்தைய ஆண்டுதான் அவரிடம் பட்டத்தை இழந்த ஸ்டைனிட்ஸ் இருந்தார். அந்தப் பட்டத்துக்கு இரண்டு முறை மோதிய ரஷ்யாவின் சிகோரின் இருந்தார். இவர்களுக்கு நடுவே அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலிருந்து வந்த ஓர் இளைஞன்: ஹாரி நெல்சன் பில்ஸ்பரி. வயது 22. ஐரோப்பாவில் இதுபோன்ற பெரிய களத்தில் அவன் அதற்கு முன் உட்கார்ந்ததே இல்லை. முதல் சுற்றில் சிகோரினிடம் தோற்றான்.

இரண்டாம் சுற்றில் எதிரே வந்தவர் டாக்டர் சீக்பெர்ட் டாராஷ். நியூரம்பர்க் நகரத்து மருத்துவர். 1889-ல் பிரெஸ்லாவ், 1890-ல் மான்செஸ்டர், 1892-ல் டிரெஸ்டன், 1894-ல் லைப்சிக் என்று பெரிய போட்டிகளில் முதல் பரிசை அள்ளியவர். சதுரங்கத்தில் எது சரி எது தவறு என்று ஜெர்மனிக்கே பாடம் நடத்தியவர். சிப்பாய்களின் எண்ணிக்கையில் எந்தப் பக்கம் பலம் இருக்கிறதோ அந்தப் பக்கம் நிதானமாக முன்னேறி வெல்வதில் கைதேர்ந்தவர்.

பில்ஸ்பரி ராணிக்கு முன்னால் நின்ற சிப்பாயைத் தொட்டான். டி4. அடுத்து சி4. குயின்ஸ் கேம்பிட்.

அந்தக் காலத்தில் வீரத்தைக் காட்ட நினைத்தவர்கள் ராஜா முன் சிப்பாயைத்தான் தள்ளுவார்கள். டி4 என்றால் நிதானம், மூடிய ஆட்டம், பொறுமைசாலிகளின் வழி என்ற எண்ணம் பரவலாக இருந்தது. இன்றும் பயிற்சி வகுப்புகளில் 'நான் அட்டாக் பிளேயர், அதனால் இ4' என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். இந்த எண்ணத்தை அன்று அந்த இளைஞன் உடைத்தான். டி4-ல் தீ இருக்கிறது. ஆனால் அது சட்டென்று பற்றுகிற தீ அல்ல. விறகை அடுக்கத் தெரிந்தவனுக்கே அது எரியும்.

அடுக்கியதைப் பார். நான்காவது நகர்வில் வெள்ளை மந்திரி ஜி5-க்கு வந்து கறுப்புக் குதிரையை அழுத்துகிறது. எட்டாவது நகர்வில் பில்ஸ்பரி சி சிப்பாயால் டி5-ஐ வெட்ட, கறுப்பு இ சிப்பாயால் திருப்பி எடுக்கிறது. ஒன்பதாவதில் இன்னொரு மந்திரி டி3-க்கு வந்து ஹெச்7-ஐக் குறி வைக்கிறது. பத்தாவதில் காஸ்லிங். இதுவரை எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கக்கூடிய நகர்வுகள். டாராஷுக்கும் குறை ஒன்றும் இல்லை. காய்கள் வெளியே வந்துவிட்டன, ராஜா பத்திரமாக இருக்கிறார்.

பதினொன்றாவது நகர்வில் டாராஷ் ஒரு முடிவெடுத்தார். சி5-ல் இருந்த சிப்பாயை சி4-க்குத் தள்ளினார். மந்திரி பி1-க்கு ஒதுங்கியது. அடுத்து ஏ6, பி5. இப்போது ராணிப் பக்கத்தில் கறுப்புக்கு மூன்று சிப்பாய்கள், வெள்ளைக்கு இரண்டு. மூன்றும் சேர்ந்து நடந்தால் ஒன்று கடைசிவரை போய்ச் சேரும். அது ராணியாகும். டாராஷின் கணக்கு இதுதான். கணக்கில் பிழை இல்லை!

ஆனால் அந்த ஒரு நகர்வில் அவர் இன்னொன்றையும் செய்துவிட்டார். சி5-ல் இருந்தவரை அந்தச் சிப்பாய் வெள்ளையின் டி4 சிப்பாயை இடித்துக்கொண்டிருந்தது. எந்த நேரத்திலும் அதை வெட்டி, பலகையின் நடுவைத் திறந்துவிடலாம் என்ற மிரட்டல் இருந்தது. சி4-க்குப் போன கணத்தில் அந்த மிரட்டல் போயிற்று. நடு உறைந்தது. டி4 சிப்பாய் பாறையானது. நடு உறைந்தால் ஓரத்தில் தாக்குகிறவனுக்கு முதுகில் அடி விழாது. நடு திறந்திருக்கும்போது ராஜா பக்கம் பாய்ந்தவன், பாதி வழியில் நடுவில் அடி வாங்கிச் சுருண்டுவிடுவான். சதுரங்கம் தோன்றிய நாளிலிருந்து வேகக்காரர்கள் அப்படித்தான் தோற்கிறார்கள்.

பில்ஸ்பரி இதைப் படித்தான். எதிராளியின் முகத்தையோ பெயரையோ பட்டங்களையோ அல்ல. பலகையைப் படித்தான். உன் தைரியம் எங்கிருந்து வரவேண்டும் என்று கேட்கிறாயே, அங்கிருந்து வரட்டும்! காலையில் கண்ணாடி முன் நின்று 'என்னால் முடியும்' என்று நூறு முறை சொல்லிக்கொள்வதால் வருகிற தைரியம், எதிராளி முதல் காயைத் தட்டி வைத்ததும் ஓடிவிடும். சி4 வந்தது, நடு உறைந்தது, இனி எனக்கு ராஜா பக்கம் வழி இருக்கிறது என்று கண்ணால் கண்டு, காரணம் தெரிந்து வருகிற தைரியத்தை உலக சாம்பியன் வந்தாலும் அசைக்க முடியாது.

பதிமூன்றாவது நகர்வு: குதிரை இ5. பதினான்காவது: சிப்பாய் எஃப்4. இன்று உலகம் முழுக்க 'பில்ஸ்பரி தாக்குதல்' என்று சொல்லிக்கொடுக்கிற அடித்தளம் இதுதான். இ5-ல் நிற்கும் குதிரையை டி4, எஃப்4 என்று இரண்டு சிப்பாய்கள் இரு தோளிலும் தாங்குகின்றன. கறுப்பு அதை வெட்டினால் எஃப் சிப்பாய் திருப்பி எடுக்கும். அப்போது எஃப் வரிசை யானைக்குத் திறக்கும், கறுப்பு ராஜாவைக் காக்கும் எஃப்6 குதிரையும் விரட்டப்படும். வெட்டாமல் விட்டால் குதிரை அங்கேயே உட்கார்ந்து கழுத்தை நெரிக்கும். பதினைந்தாவது நகர்வில் ராணி எஃப்3-க்கு வருகிறது, அங்கிருந்து ஜி3-க்கோ ஹெச்3-க்கோ போக. மூலையில் பி1-ல் ஒதுங்கியதுபோல் தெரிந்த மந்திரி, அங்கிருந்தபடியே ஹெச்7-ஐ நோக்கி நீளக் கோட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு காய்க்கும் ஒரு வேலை. எல்லா வேலையும் ஒரே திசையில்.

டாராஷ் தூங்கவில்லை. குதிரையை எஃப்8-ல் வைத்து ஹெச்7-க்குக் காவல் போட்டார். இன்னொரு குதிரையை இ4-ல் நிறுத்தி அந்த மந்திரியின் கோட்டை அடைத்தார். இன்றைக்கும் இந்தத் தாக்குதலுக்கு எதிராகச் சொல்லித்தரப்படுகிற நல்ல மருந்து அதுதான். காய்கள் வெட்டுப்பட்டன. பதினெட்டாவது நகர்வுக்குள் பில்ஸ்பரியின் இரண்டு மந்திரிகளும் பலகையில் இல்லை. எஃப்6 வந்து, இ5-ல் இருந்த குதிரையையும் விரட்டியது. அது ஜி4-க்குப் போனது.

இந்த இடத்தில் நில். உன் வாழ்க்கையில் இந்த இடம் உனக்கு நன்றாகத் தெரியும். போட்ட திட்டத்தில் பாதி உதிர்ந்துவிட்டது. எதிராளி புத்திசாலித்தனமாகத் தடுத்துவிட்டார். அந்தப் பக்கம் அவருடைய சிப்பாய்கள் நடந்துகொண்டே இருக்கின்றன. 'சரி, இனி அவரைத் தடுப்போம், டிராவுக்குப் பார்ப்போம்' என்று அந்தக் கெஞ்சல் குரல் திரும்ப வரும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இங்கேதான் தங்கள் காய்களை ராணிப் பக்கம் திருப்புகிறார்கள். எதிராளி வலுவாக இருக்கிற இடத்துக்கு, அவர் ஏற்கெனவே முன்னால் இருக்கிற ஓட்டத்துக்கு, தாங்களாகவே ஓடிப்போய் மூச்சிரைத்துத் தோற்கிறார்கள்.

நீ சதுரங்கமே ஆடாமல் இருக்கலாம். குரூப் 4 தேர்வுக்கு ஆறு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கலாம். பக்கத்துத் தெருப் பையனுக்குச் சென்னையில் ஐடி வேலை கிடைத்தது என்று அம்மா சொன்னதும் படித்த புத்தகங்களை மூட்டை கட்டிவிட்டு கோடிங் வகுப்பு எங்கே என்று தேடுகிறாய். அடுத்த வருடம் இன்னொருத்திக்கு வங்கி வேலை கிடைக்கும்; அப்போது வங்கித் தேர்வுப் புத்தகம் வாங்குவாய். நீ ஓடுகிற ஒவ்வொரு ஓட்டமும் அடுத்தவர் முன்னால் இருக்கிற ஓட்டம். உன் களம் எது? உன் நடு எங்கே உறைந்திருக்கிறது? எந்தப் பக்கம் உனக்கு வழி திறந்திருக்கிறது? இதைக் கேட்காமல் ஓடாதே. நான் கோபமாகத்தான் சொல்கிறேன், ஏனென்றால் திறமை இல்லாமல் தோற்றவர்களைவிட அடுத்தவர் பக்கம் ஓடித் தோற்றவர்கள் அதிகம்.

பில்ஸ்பரி ஓடவில்லை. இருபத்தொன்றாவது நகர்வு: எஃப்5! அந்தச் சிப்பாய் ஜி6-ஐயும் இ6-ஐயும் பூட்டியது. எஃப்8 குதிரை அந்தக் கட்டங்களுக்கு வர முடியாது. முன்பு பதினொன்றாவது நகர்வில் இ1-க்குப் போட்ட யானையை எஃப்1-க்கே திரும்பக் கொண்டுவந்தான். அந்த யானைக்கு அங்கே வேலை இல்லை என்று தெரிந்ததும் கௌரவம் பார்க்கவில்லை. யானை எஃப்4-க்கு ஏறியது. ராணி ஹெச்4-க்குப் போனது.

இனிமேல்தான் இந்த ஆட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. அவனிடம் இரண்டு குதிரைகள் இருந்தன. இரண்டின் பயணத்தையும் தனித்தனியாகப் பார்.

ஒரு குதிரைக்குக் காவல் வேலை. சி3-ல் தொடங்கியது. இ2-க்குப் போய், சி3-க்குத் திரும்பி, மறுபடி இ2-க்கு வந்து, முப்பத்தொன்றாவது நகர்வில் சி1-ல் போய் நின்றது. சி1! பலகையின் விளிம்பு. யாரும் கைதட்டாத கட்டம். ஆனால் அங்கிருந்து அது ஏ2-ஐயும் பி3-ஐயும் காத்தது. கறுப்பு ராணி ஏ4-ல் வந்து மிரட்டியபோது, முன்னே ஏறிய யானை எஃப்2-க்குப் பின்வாங்கி இரண்டாம் வரிசையைக் காத்தது. குதிரை சி1-ல் அமர்ந்தது. கறுப்பு சிப்பாய் சி3-க்கு வந்ததும் பில்ஸ்பரி பி3 ஆடினான். அந்தப் பக்கத்துக்கு அவன் கொடுத்தது அவ்வளவுதான்! டாராஷின் முழுப்படையும் ராணிப் பக்கத்தில் பாய்ந்துகொண்டிருக்க, அவன் கொடுத்த கூலி மூன்றே மூன்று நகர்வுகள். விழாமல் இருக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு. ஒரு நகர்வு கூடுதலாகக் கொடுத்திருந்தாலும் இந்தப் பக்கம் தாக்குதல் செத்திருக்கும். ஒன்று குறைத்திருந்தால் அந்தப் பக்கம் சரிந்திருக்கும். பயந்தவனால் இந்த அளவைப் பிடிக்கவே முடியாது. அவன் எல்லாவற்றையும் கொட்டிக் காப்பான். அகந்தைக்காரனாலும் முடியாது, அவன் எதையுமே காக்க மாட்டான்.

மற்றக் குதிரைக்குப் போர் வேலை. அது இருபதாவது நகர்வில் ஜி4-க்கு வந்தது. இருபத்தாறில் எஃப்2-க்குப் பின்வாங்கியது. இருபத்தொன்பதில் மறுபடி ஜி4. முப்பத்துமூன்றாவது நகர்வில் பில்ஸ்பரி ஹெச்3 ஆடி, அடுத்ததில் குதிரையை ஹெச்2-க்கு இழுத்தான். எதற்கு? ஜி சிப்பாய்க்கு வழிவிட! அந்தச் சிப்பாய் ஜி4-க்கு வந்தது, பிறகு ஜி5-க்குப் போனது. அது போனதும் குதிரை மூன்றாவது முறையாக ஜி4-க்கே வந்து நின்றது. ஒரே கட்டத்துக்கு மூன்று தடவை. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு முன்னேற்றமே இல்லாததுபோல் தெரிந்திருக்கும். ஆனால் முதல் தடவை வந்தபோது அதன் முன்னால் சுவர் இருந்தது. மூன்றாம் தடவை வந்தபோது அந்தச் சுவரை ஜி5 சிப்பாய் இடித்துக்கொண்டிருந்தது. இரண்டு முறை எழுதியும் தேறாத தேர்வை மூன்றாம் முறை எழுதப் போகிறவளே, கேள்! அதே நாற்காலி, அதே கேள்வித்தாள் என்று யார் சொன்னாலும் சொல்லட்டும். உனக்கு முன்னால் இருந்த சுவரில் இந்த இடைவெளியில் நீ எந்தக் கல்லைப் பெயர்த்தாய்? அதற்கு உன்னிடம் பதில் இருந்தால் தலைநிமிர்ந்து போய் உட்கார். இல்லையென்றால் முதலில் ஜி சிப்பாயைத் தள்ளிவிட்டு வா.

இதற்குள் டாராஷின் படை வந்துவிட்டது. ஏ வரிசை திறந்தது. யானை ஏ3-ல் நுழைந்தது. முப்பத்தெட்டாவது நகர்வில் அவருடைய மந்திரி பி3 சிப்பாயைத் தின்றது. சி3-ல் அவருடைய சிப்பாய், ராணியாக இன்னும் இரண்டே கட்டம். அந்த நேரத்தில் உன் கை நடுங்குமா, நடுங்காதா? பில்ஸ்பரி மந்திரியைத் தொடவே இல்லை. யானையை ஜி2-ல் வைத்தான். அடுத்த நகர்வில் ஜி சிப்பாய் எஃப்6-ஐ வெட்டியது. ஜி வரிசை திறந்தது. அதன் பிறகுதான் சி1-ல் காத்திருந்த காவல் குதிரை, தன் ஒரே பாய்ச்சலில் பி3 மந்திரியை எடுத்துக்கொண்டு உயிரை விட்டது.

நாற்பத்திரண்டாவது: குதிரை ஹெச்6! அடுத்து யானை ஜி8-ல் மேட். டாராஷ் யானையைக் குறுக்கே போட்டார். யானைகள் வெட்டுப்பட்டன. ராணி ஜி3-ல் செக். கறுப்பு ராஜா ஹெச்6 குதிரையைத் தின்றுவிட்டு வெட்டவெளியில் நின்றது.

இப்போது கணக்குப் பார். கறுப்புக்கு ஒரு முழுக் குதிரை கூடுதல். சிப்பாயும் கூடுதல். சி3 சிப்பாய் தயார். வெள்ளையிடம் ராணி ஒன்று, யானை ஒன்று. அந்த நிலையில் நாற்பத்தைந்தாவது நகர்வாக பில்ஸ்பரி ஆடியது: ராஜா ஹெச்1.

செக் இல்லை. வெட்டு இல்லை. தன் ராஜாவை ஒரு கட்டம் மூலைக்கு நகர்த்தினான். ஜி1 கட்டத்தை யானைக்குக் காலி செய்துகொடுத்தான்! யானை ஜி1-க்கு வந்துவிட்டால் ராணி ஹெச்4-ல் மேட். ஒரு குதிரையைக் கொடுத்துவிட்டு, எதிராளி ராணியாக்கப் போகிற நேரத்தில், கத்தாமல் கதறாமல் ஒரு கட்டம் நகரத் துணிந்தானே, அதற்கு எவ்வளவு தெளிவு வேண்டும்! யார் முதலில் போய்ச் சேருவார்கள் என்று அவன் எண்ணியிருந்தான். எண்ணியவனுக்கு அவசரம் இல்லை.

டாராஷ் ராணியை டி5-க்குக் கொண்டுவந்தார். யானை ஜி1. ராணி எஃப்5 சிப்பாயை வெட்டி, ஹெச்5-க்குக் குறுக்கே வர வழி தேடியது. அடுத்த மூன்று நகர்வுகளில் வெள்ளை ராணி இரண்டு செக் வைத்து அந்த ராணியை ஜி5-க்கு இழுத்து, யானையால் வெட்டியது. பின் டி6-ல் செக், டி7 குதிரை போயிற்று. கறுப்பு சிப்பாய் சி2-க்கு வந்தது. இன்னும் ஒரே ஒரு கட்டம். ஐம்பத்திரண்டாவது நகர்வு: ராணி ஹெச்7. மேட்.

கறுப்புக்கு இடையில் இன்னும் நல்ல வழிகள் இருந்தன என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இருக்கட்டும். டாராஷின் திட்டம் தரமானது; அவர் ஒரு கட்டம் தூரத்தில்தான் தோற்றார். இதனால்தான் இந்த ஆட்டத்தை உனக்குச் சொல்கிறேன். எதிராளி முட்டாளாக இருந்து கிடைத்த வெற்றியிலிருந்து நீ எதையும் கற்க முடியாது. நன்றாக ஆடுகிற ஒருவரின் திட்டம் உன் கண்ணெதிரே நடந்து வரும்போது, உன் திட்டத்தை நீ நடத்தி முடிக்க வேண்டும். உன் வாழ்க்கையில் பெரும்பாலும் அதுதான் நிலைமை.

அந்தப் போட்டியின் முடிவைச் சொல்ல வேண்டும். 21 ஆட்டங்களில் பில்ஸ்பரிக்கு 16.5 புள்ளிகள். முதல் பரிசு. சிகோரின் 16, லாஸ்கர் 15.5, டாராஷ் 14, ஸ்டைனிட்ஸ் 13. முதல் நாள் தோற்ற 22 வயதுப் பையன், அவனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மலைகளை எல்லாம் பின்னால் தள்ளினான். 

129 ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 நவம்பரில் சிங்கப்பூர். சென்னையின் குகேஷ், 18 வயது. உலக சாம்பியன் பட்டத்துக்கான முதல் ஆட்டத்தில் இ4 ஆடி டிங் லிரெனிடம் தோற்றார். இரண்டாவது டிரா. மூன்றாவதில் மறுபடி வெள்ளைக்காய். குகேஷ் டி4-ஐத் தள்ளினார். குயின்ஸ் கேம்பிட்டில் சி சிப்பாயால் டி5-ஐ வெட்டுகிற அதே வகை. டிங்கின் மந்திரி வெள்ளையின் பகுதிக்குள் போய்ச் சிக்கியது; 37-வது நகர்வில் அவருடைய கடிகாரமும் ஓடி முடிந்தது. டிசம்பர் 12 அன்று பட்டம் சென்னைக்கு வந்தது. முதல் ஆட்டத் தோல்வியைச் சுமந்துகொண்டு மூன்றாவதில் உட்கார்ந்த அந்த நெஞ்சுரம் உன் ஊரில் விளைந்தது. அதை வெறுமனே கைதட்டிவிட்டுப் போகாதே.

பில்ஸ்பரியின் கதையை ஹேஸ்டிங்ஸோடு நிறுத்தினால் உன்னை ஏமாற்றியவனாவேன். அதே ஆண்டின் இறுதியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் லாஸ்கர், ஸ்டைனிட்ஸ், சிகோரின், பில்ஸ்பரி ஆகிய நால்வர் மட்டும் மோதினார்கள். ஒவ்வொருவரோடும் ஆறு ஆட்டம். முதல் ஒன்பது ஆட்டங்களில் பில்ஸ்பரி 6.5 புள்ளிகளோடு முன்னால் நின்றான். அடுத்த ஒன்பதில் அவனுக்குக் கிடைத்தவை 1.5. உடல் கெட்டது, ஆட்டம் கெட்டது. அந்தச் சரிவின் தொடக்கத்தில் 1896 ஜனவரியில் லாஸ்கரிடம் ஒரு ஆட்டம் தோற்றான். தான் நம்பிய குயின்ஸ் கேம்பிட்டிலேயே தோற்றான். ஏழாவது நகர்வில் ராணியை ஹெச்4-க்குக் கொண்டுபோனான்; லாஸ்கர் யானையைப் பலி கொடுத்து அவன் ராஜாவை உடைத்துப்போட்டார். இன்றும் சதுரங்கத்தின் மிகச் சிறந்த தாக்குதல்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். தோற்றவன் பெயர் பில்ஸ்பரி.

அதற்குப் பின் அவன் வாழ்க்கை எளிதாக இல்லை. 1897-ல் அமெரிக்க சாம்பியனானான். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்களோடு ஆடினான். நியூயார்க்கின் ஈடன் மியூசியில் 'அஜீப்' என்ற இயந்திரப் பொம்மைக்குள் ஒளிந்திருந்து, காசு கொடுத்து வந்தவர்களோடு ஆடியும் பிழைத்தான். நோய் அவனைத் தின்றுகொண்டிருந்தது.

1904. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் ஸ்பிரிங்ஸ். எதிரே மறுபடி லாஸ்கர், இன்னமும் உலக சாம்பியன். டி4. சி4. ஆறு நகர்வுகள் முடிந்தபோது பலகையில் இருந்தது 1896-ல் அவன் தோற்ற அதே நிலை. எட்டு வருடம்! இப்போது ஏழாவது நகர்வில் ராணியை அவன் தொடவில்லை. முதலில் மந்திரியால் எஃப்6 குதிரையை வெட்டினான். கறுப்பு ஜி சிப்பாயால் எடுக்க, எட்டாவது நகர்வில்தான் ராணி ஹெச்4-க்குப் போனது. அன்று போன அதே கட்டம். இடையில் ஒரே ஒரு வெட்டு, அதனால் லாஸ்கர் ராஜாவின் முன்னால் இருந்த சிப்பாய்கள் சிதறிவிட்டன. இருபத்தாறாவது நகர்வில் பில்ஸ்பரி யானையை எஃப்5-ல் பலி கொடுத்தான். முப்பதாவதில் குதிரை இ5-க்குப் பாய்ந்தது. உலக சாம்பியன் ஆட்டத்தை ஒப்புக்கொடுத்தார்.

அந்தப் போட்டியில் அவன் மொத்தத்தில் பட்டியலின் நடுவில்தான் முடித்தான். உடலில் வலு இல்லை. 1906 ஜூனில், 33 வயதில் இறந்தான். ஆனாலும் எட்டு வருடத்துக்கு முன் தன்னை உடைத்த நிலைக்கே திரும்பிப் போய், எந்த நகர்வில் தவறினோம் என்று கண்டுபிடித்து, அதே மனிதரை அதே நிலையில் வீழ்த்தினான். தோல்வியை மறந்துவிடு என்று உனக்குச் சொல்கிறவர்கள் இருப்பார்கள். மறக்காதே! எடுத்து மேசையில் வை. ஏழாவது நகர்வைத் தேடு.

இன்றைக்கு இதைச் செய். பலகையை எடு. பில்ஸ்பரி–டாராஷ் ஆட்டத்தை முப்பதாவது நகர்வுவரை ஆடிக்கொள்: வெள்ளை யானை எஃப்2-க்கு வந்து, கறுப்பு ராஜா ஜி8-க்குப் போனதும் நிறுத்து. ஒரு தாளை எடுத்து மூன்று கேள்விக்குப் பதில் எழுது. நடு உறைந்திருக்கிறதா? ராணிப் பக்கம் விழாமல் இருக்க எத்தனை நகர்வு போதும்? ராஜா பக்கம் போய்ச் சேர எத்தனை நகர்வு வேண்டும்? எழுதி முடித்த பிறகே பில்ஸ்பரி என்ன ஆடினான் என்று பார். அடுத்து, நீ கடைசியாகத் தோற்ற ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டை எடு. கசக்கி எறிந்திருந்தால் நினைவிலிருந்து எழுது. எந்த நகர்வில் உன் காய்கள் எதிராளியின் பக்கம் ஓடத் தொடங்கின என்று பார்த்து, அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போடு. அந்த நிலையைப் பலகையில் வைத்துவிட்டு, அங்கிருந்து மறுபடி ஆடு.